அன்னதானத்துக்கு எத்தனை குழாய் வேண்டும்?

கேள்வி: எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. கும்பாபிஷேகத்தன்று 1,500 பேருக்கு அன்னதானம், பந்திக்கு 200 பேர். கை கழுவ எத்தனை குழாய், எவ்வளவு தண்ணீர் வேண்டும்? சானிடைசர் வைத்தால் போதாதா?

பதில்: 1,500 என்பது தண்ணீருக்கான கணக்கு. குழாய்க்கு 200தான் கணக்கு. இலையை மடித்துவிட்டு ஒரு பந்தியே மொத்தமாக எழுந்து வரும். சோப்புப் போட்டு ஒழுங்காகக் கழுவ ஒருவருக்கு 40 நொடியாவது பிடிக்கும். பத்து நிமிடத்தில் ஒரு குழாயில் 15 பேர், ஆக 14 குழாய் வேண்டும். குறைத்தால் வரிசை நீளும், பலர் விரலை மட்டும் நனைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

அதே நேரத்தில் அடுத்த பந்திக்காரர்களும் கை கழுவ வந்து நிற்பார்கள். இரண்டு கூட்டமும் மோதாமல், பந்தலுக்குள் நுழையும் இடத்தில் தனியாக 6 குழாய் போடுங்கள். அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் அது போதும். அதில் இரண்டைக் குழந்தைகளுக்கு எட்டும்படி 2 அடி உயரத்தில் வையுங்கள்.

தண்ணீர் ஒரு தடவைக்கு 1 லிட்டர், சாப்பிடும் முன்னும் பின்னும் என்றால் 3,000 லிட்டர். சிந்துவதையும் சேர்த்து 4,000 லிட்டர் தயாராக இருக்கட்டும். தொட்டியின் அடி, குழாயைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ஆனால் 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. சவுக்குக் கட்டையில் பரண் கட்டி ஏற்றாதீர்கள், செங்கல் மேடைதான் சரி. ஒன்றரை அங்குல பிவிசி பைப்பின் நடுவில் தொட்டி இணைப்பைக் கொடுத்தால் கடைசிக் குழாயிலும் தண்ணீர் வரும்.

சானிடைசர் போதாது. நெய்யும் குழம்பும் ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது. சோப்புக்குச் செலவும் குறைவு: ஒன்றரை லிட்டர் பாட்டில் தண்ணீரில் 30 கிராம் சோப்புத்தூளைக் கரைத்து, மூடியில் ஓட்டை போட்டுக் குழாய்க்கு ஒன்று கட்டிவிடுங்கள்.

அப்புறம், பெரும்பாலும் மறந்துபோவது கழிவுநீர். உள்ளே வந்த தண்ணீர் அவ்வளவும் வெளியே போயாக வேண்டும். உங்கள் பக்கத்துக் களிமண் தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சாது, குழி வெட்டினால் நாலாவது பந்திக்குள் நிரம்பிவிடும். சரிவாக வாய்க்கால் வெட்டித் தென்னை, வாழைப் பக்கம் திருப்பிவிடுங்கள். வாய்க்கால் முகப்பில் ஒரு வலை வைத்துச் சோற்றுப் பருக்கைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். குழாயடியில் ஜல்லி கொட்டிவிட்டால் வயதானவர்கள் வழுக்கி விழ மாட்டார்கள்.