நாடகத்துக்கு விளம்பரம் பண்றது ஒரு வேலையா? அத நம்பி வாழ முடியுமா?

கேட்டவங்க காலேஜ் முடிச்சிருக்காங்க, நாடகம் புடிக்கும் ஆனா நடிக்க வராது, நாடகக் குழுவுல பி.ஆர்.ஓ. மாதிரி, அதாவது பத்திரிகைக்கும் ஜனத்துக்கும் சேதி கொண்டு போற வேலை இருக்கா, என்ன பண்ணுவாங்க, காசு வருமான்னு கேட்டிருக்காங்க. நான் ராயபுரத்துல இருந்துக்கிட்டு பல வருஷமா இதத்தான் பண்றேன். சபா நாடகம் இல்ல, சின்ன நவீன நாடகக் குழுக்கள், அப்பப்போ கூத்து. கொஞ்சம் நீளமா போகும்.

சினிமா பி.ஆர்.ஓ. வேற, இது வேற. சினிமால அந்த வேலைக்கு நம்ம ஊர்ல வழி போட்டவரு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன், 1958-ல நாடோடி மன்னன் படத்துல ஆரம்பிச்சாருன்னு எல்லாருக்கும் தெரியும். அங்க படம் ஓடுற வரைக்கும் நியூஸ் குடுத்துட்டே இருக்கலாம். நியூயார்க் பிராட்வே நாடகமும் அப்படித்தான், வாரத்துக்கு 8 ஷோ, நல்லா போனா வருஷக்கணக்குல ஓடும், மொத நாள் ரிவ்யூ நல்லா வந்துச்சுன்னா அத போர்டுல போட்டே அடுத்த ஆறு மாசம் டிக்கெட் விப்பாங்க. அங்க இந்த வேலை பாக்குறவங்களுக்கு 1928-லருந்து யூனியனே இருக்கு. நமக்கு சனிக்கிழமை ஒரு ஷோ ஞாயித்துக்கிழமை ஒரு ஷோ, அவ்ளோதான், ரிவ்யூ செவ்வாக்கிழமையோ அடுத்த வாரமோ வரும், அதப் படிச்சுட்டு ஒருத்தர் ஃபோன் பண்ணி எப்போ மேடம் அடுத்த ஷோன்னு கேட்டா நம்ம கிட்ட தேதி இருக்காது. இந்த ஒரு விஷயத்துலருந்துதான் என் வேலையோட மொத்த வடிவமும் வருது. எல்லாமே திரை ஏறுறதுக்கு முன்னாடி நடந்தாகணும்.

அதனால நான் ரிப்போர்ட்டர்கள ஷோவுக்குக் கூப்பிடுறதுக்கு முன்னாடி ஒத்திகைக்குக் கூப்பிடுவேன். ரெண்டு வாரம் இருக்கும்போதே ஒரு நாள் சாயந்திரம் வரச் சொல்லி, டீ வாங்கிக் குடுத்து, ஒரு சீன் முழுசா பாக்க வச்சு, டைரக்டர் கிட்ட தனியா பேச விடுவேன். வாரப் பத்திரிகைன்னா இன்னும் முன்னாடி போயிடணும், அச்சுக்குப் போற பக்கத்த அவங்க சீக்கிரமே முடிச்சிடுவாங்க. போட்டோ நல்லா இருக்கணும், பெரிய சைஸ்ல இருக்கணும், கூடவே எடத்துலருந்து வலத்துக்கு யார் யாருன்னு பேரு எழுதிக் குடுக்கணும். இந்தப் பேரு விஷயத்த ரொம்பப் பேரு லேசா எடுத்துக்குறாங்க. ஷிஃப்ட் முடிச்சு ராத்திரி பத்து மணி வரைக்கும் ஒத்திகை பாத்த ஒரு பையன், பேப்பர்ல தன் மூஞ்சிக்குக் கீழ வேற ஒருத்தர் பேரு இருக்கறத பாத்தா அவனுக்கு எப்படி இருக்கும்.

பழைய காலத்துல இந்த வேலைய யார் பண்ணாங்கன்னு யோசிச்சா எனக்கு ரொம்ப மரியாத வரும். கூத்துல ராத்திரி ஆட்டத்துக்கு முன்னாடி களரி கட்டுவாங்க, மேளமும் தாளமும் சேந்து அடிக்கிற அடி பக்கத்து ஊர் வரைக்கும் கேக்கும், அது கேட்டுத்தான் ஜனம் பாயத் தூக்கிட்டு கெளம்பும். மதுர பக்கம் ஸ்பெஷல் நாடகத்துக்கு இன்னிக்கும் நோட்டீஸ் அடிக்கிறாங்க, கதாநாயகனா வர்ற ராஜபார்ட் யாரு, கதாநாயகியா வர்ற ஸ்திரீபார்ட் யாரு, பபூன் யாருன்னு போட்டோவும் ஊர் பேரும் சேத்து. அங்க நிரந்தரமா ஒரு குழுன்னு கெடையாது, ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியா புக் பண்றாங்க, அதனால அந்த நோட்டீஸ் ஜனத்த கூப்பிடுறதோட நிக்காம அந்தக் கலைஞருக்கு அடுத்த ஊர் சான்ஸயும் வாங்கிக் குடுக்குது. நான் நோட்டீஸ் டிசைன் பண்ணும்போது அதத்தான் முன்னாடி வச்சுக்குவேன், நடிக்கிறவங்க பேர எறும்பு சைஸ்ல போட மாட்டேன்.

வடசென்னைக்கு நாடகம் புதுசில்ல. சென்ட்ரல் பக்கத்துல விக்டோரியா ஹால், அங்கதான் 1891-ல பம்மல் சம்பந்த முதலியார் ஆரம்பிச்ச சுகுண விலாச சபா நாடகம் போட்டுச்சு. வால்டாக்ஸ் ரோட்டுல ஒற்றைவாடை கொட்டகை இருந்துச்சு. பின்னி மில், ஐ.சி.எஃப்., ஹார்பர்ல வேலை பாத்தவங்க தாங்களே நாடகம் போட்ட கதையெல்லாம் எங்க ஏரியா பெரியவங்க சொல்லக் கேட்டிருக்கேன். இப்போ நவீன நாடகம் நடக்குற ஹாலெல்லாம் எக்மோர், நுங்கம்பாக்கம், அதுக்கும் தெக்கால. எங்க ஜனத்துக்கு நாடகம் புடிக்காதுன்னு சொல்றவங்க கிட்ட நான் சண்டையே போட்டிருக்கேன், புடிக்காம இல்ல, வீடு திரும்ப பஸ் கெடைக்குமான்னு பயம். அதனால என் நோட்டீஸ்ல ஆரம்பிக்கிற நேரம் போடுற அதே சைஸ்ல முடியுற நேரமும் போடுவேன். 2021-ல விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தப்புறம் எந்த ஸ்டேஷன்ல ஏறணும், சென்ட்ரல்ல லைன் மாறணுமான்னு அதையும் சேத்துக்குறேன். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்லருந்து பொம்பளைங்க தனியா வர ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான், அத நான் கண்ணால பாத்தேன்.

இந்த வேலையோட உசுரு எதுன்னு கேட்டா, நாடகத்த பத்தி உண்மைய சொல்லி அதுக்கு உண்டான ஆளத் தேடிப் போறதுன்னு சொல்வேன். ஒரு நாடகம், முழுக்க ஒரு சாவு வீட்டுல நடக்குற கதை. இடைவேளை கெடையாது, ஒண்ணேகால் மணி நேரம். டைரக்டர் தம்பி நோட்டீஸ்ல குடும்பத்தோட சிரிச்சு ரசிக்கலாம்னு போடுங்கக்கா, அப்போதான் வருவாங்கன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன். சாவு வீட்டுல நடக்கும், அழுகையும் இருக்கு சிரிப்பும் இருக்குன்னு அப்படியே போட்டேன். போட்டுட்டு அத எடுத்துக்கிட்டு வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் போனேன், மரண கானா பாடுறவங்க, சாவு மேளம் அடிக்கிறவங்க வீடு வீடா. உங்க வேலைய பத்தி ஒரு நாடகம் போடுறாங்க, வந்து பாத்துட்டு சரியா இருக்கான்னு சொல்லுங்கண்ணான்னு கூப்பிட்டேன். சனிக்கிழமை ஷோவுக்கு கூட்டமா வந்தாங்க, வழக்கமா வர்ற ஆளுங்க நடுவுல ஒக்காந்தாங்க. முடிஞ்சதும் ஒரு பெரியவரு எழுந்து, பாடைய தூக்கும்போது அடி மாறும் தம்பி, நீங்க வீட்டுல அடிக்கிற அடியவே அடிச்சுட்டு இருக்கீங்கன்னு சொல்லி, முன்னாடி இருந்த நாற்காலி முதுகுல கையால தட்டியே காட்டினாரு. ஹால் அப்படியே அமைதியாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை ஷோல அந்த எடத்துல அடி மாறிச்சு, அந்தப் பெரியவரும் ரெண்டாவது தடவ வந்தாரு, கூட அவரு பேத்தி. பேப்பர்ல அரைப் பக்கம் வர்றத விட இதுதான் எனக்கு பெருசு. அந்த ஏரியாவுலருந்து இப்பவும் அடுத்த நாடகம் எப்பக்கான்னு மெசேஜ் வரும். ஒரு நாடகத்துல வந்தவங்க நம்பர பத்திரமா வச்சிருந்து அடுத்த நாடகத்துக்குக் கூப்பிடுறது, ரெண்டே ஷோ நடக்குற ஊர்ல அதுதான் நம்ம மூலதனம்.

முன்னாடியெல்லாம் இதுல போலீஸ் பெர்மிஷனுக்கு அலையுறதும் சேந்திருந்துச்சு. 1954-ல வந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம், எம்.ஆர்.ராதாவ தடுக்கத்தான் அது வந்துச்சுன்னு நாடகக்காரங்க சொல்லுவாங்க, ஸ்கிரிப்ட முன்கூட்டியே குடுத்து அனுமதி வாங்கணும். பரீக்‌ஷா நாடகக் குழு நடத்தின எழுத்தாளர் ஞாநி போட்ட கேஸ்ல 2013-ல சென்னை ஐகோர்ட் அதோட முக்கியமான பிரிவுகள செல்லாதுன்னு சொல்லிடுச்சு. இப்போ வேலைக்கு வர்றவங்களுக்கு அந்தப் பாடு இல்ல, ஆனா அவரு பேர ஞாபகம் வச்சுக்கோங்க.

செலவு பத்தி சுருக்கமா. பேப்பருக்கு பாரிஸ் கார்னர்ல ஆண்டர்சன் தெரு, அங்க நடந்து வெல கேட்டாலே பாதி தொழில் கத்துக்கலாம். டபுள் கிரவுன் போஸ்டர் 20க்கு 30 இன்ச், கண்ட சுவத்துல ஒட்டக் கூடாது, சட்டம் இருக்கு. அதனால டீக்கடை, லைப்ரரி, சலூன், டியூஷன் சென்டர்னு கேட்டு உள்ள ஒட்டுறேன், உள்ள ஒட்டுனா கிழியாது, நின்னு படிப்பாங்க. டிக்கெட் 500 ரூபா வரைக்கும் ஜிஎஸ்டி இல்ல, ஆனா எங்க பக்கத்து ஆளுக்கு 100, 150-ல ஒரு வரிசை வைக்கணும்னு ஒவ்வொரு குழு கிட்டயும் கேட்டு வாங்குவேன். ஓசி பாஸ் அள்ளிக் குடுக்குறது எனக்குப் புடிக்காது, ஓசில வாங்குனவங்க மழை தூறினா வர மாட்டாங்க, நூறு ரூபா குடுத்தவங்க கொடை புடிச்சுட்டு வருவாங்க.

பத்திரிகைக்காரங்களுக்கு கவர் குடுக்குற பழக்கம் பத்தியும் நீங்க கேள்விப்படுவீங்க. நான் குடுக்கறதில்ல. நாடகக் குழு கிட்ட அந்தக் காசே இல்லங்கறது ஒரு பக்கம், அப்படி வந்த நியூஸ படிச்சு யாரும் நாடகம் பாக்க வரலங்கறது இன்னொரு பக்கம். நாடகம் மேல ஆசை இருக்குற ரிப்போர்ட்டர் ஊருக்குள்ள கொஞ்சம் பேருதான், அவங்க கிட்ட பொய் சொல்லாம இருந்தா போதும், காலத்துக்கும் நம்ம ஃபோன எடுப்பாங்க.

காசு? இத மட்டும் வச்சு குடும்பம் நடத்த முடியாது, நேராவே சொல்லிடறேன். சில குழு நல்லா குடுக்கும், சிலது சாப்பாடும் ஆட்டோ காசும்தான். நான் பகல்ல டிடிபி வேலை, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் டிசைன் பண்றேன், எனக்குத் தெரிஞ்ச மத்தவங்க சினிமா பி.ஆர்.ஓ. கிட்ட அசிஸ்டென்ட்டா இருக்காங்க, ஸ்கூல்ல வேலை பாக்குறாங்க. நாடகம் சாயந்திரம்தான்ங்கறதால ரெண்டும் ஓடும்.

வரணும்னு முடிவு பண்ணிட்டா மொதல்ல ஏதாவது ஒரு குழுவோட ஒத்திகைக்கு தெனம் போய் ஒக்காருங்க, நாடகத்த மனப்பாடமா தெரியாம அத பத்தி ஒரு வரி எழுத முடியாது. சம்பளம் எவ்ளோன்னு ஒத்திகை ஆரம்பிக்கும்போதே பேசிடுங்க, பாதி அட்வான்ஸ் வாங்கிடுங்க, ஷோ முடிஞ்ச ராத்திரி எல்லாரும் கட்டிப் புடிச்சு அழுதுட்டு இருக்கும்போது காசு கேக்க முடியாது. ப்ரோஷர்ல லைட் போட்டவரு, மேக்கப் பண்ணவங்க பேரு வர்ற பக்கத்துல விளம்பரம்னு உங்க பேரையும் போடச் சொல்லுங்க. எனக்கு ரெண்டாவது குழு கெடைச்சது அந்த ஒரு வரிய படிச்சுட்டு ஒருத்தர் ஃபோன் பண்ணதாலதான்.