ஆறு வார ஆடிஷனுக்கு ஒரு காடியா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். வயது 53. மகள் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில் இசைக் கல்லூரியில் வயலின் படிக்கிறாள். இது கடைசி வருடம். கட்டணத்தில் பெரும்பகுதிக்கு உதவித்தொகை கிடைத்தது. முதுகலைக்காக ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை கிளீவ்லாந்து, பாஸ்டன், நியூ ஹேவன், புளூமிங்டன் என்று நாலு ஊரில் ஆடிஷன், அதாவது நேரில் வாசித்துக் காட்டும் தேர்வு, இருக்கும் என்கிறாள். பனியில் பஸ்ஸை நம்ப முடியாதாம். பழைய காடி ஒன்று 6,000 டாலருக்கு வருகிறது, வாங்கினால் கல்யாணங்களுக்குப் போய் வாசித்து அந்தக் காசை எடுத்துவிடுவேன் என்றும் சொல்கிறாள். என் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஃபிளெக்சிபல் கணக்கில் 7,000 ரிங்கிட் இருக்கிறது. மீதிக்கு மனைவியின் நகையைப் பஜாக் (அடகு) கடையில் வைக்கலாமா? 50 வயதில் எடுக்கக்கூடிய ஈபிஎஃப் பணத்தைத் தொடலாமா? மனைவி ஒரு கூட்டிலும் (சீட்டிலும்) இருக்கிறார்.

பதில்: ஐயா, காடி வேண்டாம். ஆடிஷனுக்குப் போகட்டும், நாலுக்கும் போகட்டும். அதற்குப் பணம் அனுப்புங்கள்.

ஒரு டாலரை நாலரை ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மாற்று விகிதம் அதைவிட இறங்கினால் மிச்சம் உங்களுக்கு. 6,000 டாலர் என்றால் 27,000 ரிங்கிட். அது காடியின் விலை மட்டும்தான். நியூயார்க்கில் காப்புறுதி இல்லாமல் காடியைச் சாலையில் இறக்க முடியாது. இளவயது ஓட்டுநருக்குக் காப்புறுதி மலிவாகவும் கிடைக்காது. பனிக்கால டயர், பெட்ரோல், நிறுத்துமிடம் எல்லாம் தனி. அங்கே பனி உருகச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள், அந்த உப்பு பழைய காடியின் அடிப்பாகத்தை அரிக்கும். மே மாதம் படிப்பு முடிந்து விற்கப் போகும்போது போட்ட பணம் திரும்பி வராது.

சரி, காடி இருந்தால் பனியில் போய்ச் சேர்ந்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. ரோசெஸ்டரிலிருந்து கிளீவ்லாந்துக்கு ஏறக்குறைய 420 கிலோமீட்டர். நீங்கள் கோலாலம்பூர் போகும் தூரத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. பஃபலோ வழியாக, ஈரி ஏரிக்கரையை ஒட்டியே சாலை போகிறது. குளிர்காற்று ஏரியைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையோர ஊர்களில் பனியாகக் கொட்டும். 2022 டிசம்பரில் பஃபலோ வட்டாரத்தில் அடித்த பனிப்புயலில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். சிலர் சொந்தக் காடிக்குள்ளேயே மாட்டிக்கொண்டவர்கள். அந்த மாதிரி நாளில் சாலையையே மூடிவிடுவார்கள். பஸ்ஸில் போகிறவரும் காடியில் போகிறவரும் ஒன்றுதான். நாலு குளிர்காலம் பார்த்த பெண்ணுக்குப் பனியைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால் ஆடிஷன் பதற்றத்தோடு, தனியாக, பழைய காடியில் அந்தச் சாலையில் அவள் போவதை நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

கல்யாண வாசிப்பு விஷயம்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. எஃப்-1 மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரம் வரை கல்லூரி வளாகத்துக்குள் வேலை செய்யலாம். அனுமதி இல்லாமல் வெளியே காசு வாங்கி வாசித்தால் விசாவே போகலாம். முதுகலைக்கு இடம் கிடைக்கிற நேரத்தில் இந்த வம்பு எதற்கு? வெளியே வாசிக்கும் எண்ணம் இருந்தால் முதலில் கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். காடிக் கடனைக் கல்யாணக் காசில் அடைப்பது என்ற கணக்கை இன்றே அடித்துவிடுங்கள்.

இனி பயணத்தைப் பார்ப்போம். ரோசெஸ்டரிலிருந்து பாஸ்டனுக்கு ஆம்ட்ராக் ரயில் நேரே போகிறது. பாஸ்டனிலிருந்து நியூ ஹேவனுக்கும் ரயில் உண்டு, இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆகவே இந்த இரண்டு ஆடிஷனையும் ஒரே பயணத்தில் முடிக்க முடியுமா என்று தேதியைப் பார்த்துக் கேட்கட்டும். மாற்றித் தரும் கல்லூரிகள் உண்டு. கிளீவ்லாந்துக்கும் ரயில் இருக்கிறது, ஆனால் விடியற்காலை மூன்று, நான்கு மணிவாக்கில் இறக்கிவிடும். ஒரு நாள் முந்திப் போகிறவர்களுக்கு அது பரவாயில்லை. அன்றே வாசிக்க வேண்டியவளுக்கு ஆகாது. புளூமிங்டனுக்கு இண்டியானாபொலிஸ் வரை விமானம், அங்கிருந்து வேன்.

விமான டிக்கெட்டை, புறப்படும் தேதிக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு விமான நிறுவனத்திடமே நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். நிறுவனமே விமானத்தை ரத்து செய்து, மாற்று விமானம் வேண்டாம் என்று அவள் சொன்னால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வவுச்சரை நீட்டினால் வாங்க வேண்டியதில்லை. ஆனால் பனியால் ரத்தானால் ஹோட்டல் செலவை அவர்கள் தரக் கடமைப்பட்டவர்கள் இல்லை. வயலினைக் கைப்பையாக உள்ளே கொண்டுபோக அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது, இடம் இருக்கும்வரை. அதனால் முதலில் ஏறுகிறவர்களில் ஒருத்தியாக இருக்கட்டும்.

நான் ஒரே ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பேன்: ஒவ்வொரு ஆடிஷனுக்கும் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேரும் கூடுதல் இரவு. நூற்றுச் சொச்சம் டாலர் ஆகும். அந்த ஊர்களில் படிக்கும் தோழிகள் அறையில் தங்க முடிந்தால் அதுவும் இல்லை. புயல் வந்து போக முடியாமல் போனால் வேறு தேதி தருவார்களா, பதிவு அனுப்பினால் போதுமா என்பதை ஒவ்வொரு கல்லூரியிடமும் இப்போதே மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

என் கணக்கில் ஒரு ஆடிஷனுக்குச் சுமார் 450 டாலர், நாலுக்கு 1,800. விண்ணப்பக் கட்டணங்களுக்கு 500. புயல் கையிருப்பு 700. மொத்தம் 3,000 டாலர். வளாக வேலையில் மகள் 1,000 டாலர் போடட்டும். தன் காசு என்றால்தான் டிக்கெட்டைப் பார்த்து வாங்குவாள். மீதி 2,000 டாலர், அதாவது 9,000 ரிங்கிட், உங்கள் பங்கு.

ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து 6,000 எடுங்கள். எந்நேரமும் எடுக்கத்தான் அந்தக் கணக்கு. 50 வயதுப் பணத்தைத் தொடாதீர்கள். ஈபிஎஃப் 2024-க்கு 6.30 விழுக்காடு லாப ஈவு கொடுத்தது. 6 விழுக்காடு என்று வைத்தாலே இன்று எடுக்கும் 10,000 ரிங்கிட், நீங்கள் 60-ஐத் தொடும்போது 15,000 ஆகியிருக்கும். அது தவிர, அந்தப் பணம் இருக்கும் செஜாத்திரா கணக்கிலிருந்து பிள்ளையின் மேற்படிப்புக் கட்டணத்துக்கென்றே பணம் எடுக்க வழி இருக்கிறது. முதுகலைக்கு நிஜமாகவே பணம் தேவைப்படும் நாளுக்கு அது இருக்கட்டும்.

அந்த நாள் பெரியது, ஐயா. இரண்டு வருட முதுகலைக் கட்டணத்தின் பக்கத்தில் இந்த 9,000 ஒன்றுமே இல்லை. நியூ ஹேவனில் இருக்கும் யேல் இசைப் பள்ளியில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. புளூமிங்டன் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தால் கட்டணம் குறையும், கைக்குச் சம்பளமும் வரும். இவை இரண்டும் அவள் பட்டியலில் இருப்பது நல்ல செய்தி. மற்ற இரண்டிலும் எவ்வளவு உதவித்தொகை வரும் என்று பார்க்காமல் சரி சொல்லிவிட வேண்டாம். நீங்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்தால் உறுப்பினர் பிள்ளைகளுக்கு என்ன கல்வி உதவி உண்டென்றும் விசாரியுங்கள். உங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர் பணத்தில் தொடங்கியது அது.

பஜாக் கடை வேண்டாம். மாதம் 2 விழுக்காடு என்றால் 10,000-க்கு ஆறு மாதத்தில் 1,200 ரிங்கிட் வட்டி, அதற்குள் மீட்கவும் வேண்டும். மீட்கப் பணம் எங்கிருந்து வரும் என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

மிச்சம் 3,000-க்குத்தான் கூட்டு. தொழிலாகக் கூட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பணம் போனால் யாரிடமும் போய் நிற்க முடியாது. உங்கள் மனைவி ஏற்கெனவே பாதி தூரம் கட்டியிருப்பார், அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஜனவரி முறையை அவருக்குத் தரச் சொல்லிக் கேளுங்கள், வந்த பணத்தை மகளுக்கு அனுப்புங்கள், இந்தச் சுற்று முடிந்ததும் அடுத்த சுற்றில் சேராதீர்கள். அனுப்பும்போது வங்கியின் கட்டணத்தையும், பேங்க் நெகாரா உரிமம் பெற்ற பணம் அனுப்பும் நிறுவனத்தின் கட்டணத்தையும் ஒரே நாளில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஒரு ரயில் டிக்கெட் அளவுக்குக்கூட இருக்கும்.