கேஸ் தள்ளுபடி ஆகியும் கூகுளில் நிற்கும் போட்டோ

கேள்வி: நாங்கள் டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெரிய கடையில் செல்ஃப் செக்அவுட்டில் பில் போடும்போது, கைக்குழந்தை அழுத அவசரத்தில், தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில் இருந்த சாமான்களை ஸ்கேன் செய்ய மறந்துவிட்டேன். 130 டாலர் சாமான். வாசலிலேயே நிறுத்திப் போலீஸைக் கூப்பிட்டார்கள். ஜெயிலுக்குக் கொண்டுபோய்ப் போட்டோ, கைரேகை எல்லாம் எடுத்தார்கள். கேஸ் டிஸ்மிஸ் ஆகிவிட்டது, இனிக் கவலை இல்லை என்று வக்கீல் சொன்னார். ஆனால் என் பெயரைக் கூகுளில் போட்டால் அந்தப் போட்டோதான் முதலில் வருகிறது. பணம் கட்டினால் எடுத்துவிடுவதாக ஒரு சைட் சொல்கிறது. கட்டிவிடலாமா? கணவரின் கிரீன் கார்டு வரிசையில் நானும் இருக்கிறேன். பெரியவன் பள்ளிக்கு வாலண்டியராகப் போக ஆசை, அந்தப் பாரத்தைத் தொடவே பயமாக இருக்கிறது. - பெயர் வேண்டாம்

பதில்: கட்டாதீர்கள், தங்கச்சி. மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், முதலில் இது. அந்த சைட்டில் இருப்பது அவர்கள் எடுத்த போட்டோ இல்லை. ஜெயிலை நடத்துகிற ஷெரிஃப் அலுவலகத்தின் பதிவு யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவு என்பதால் அங்கிருந்து மொத்தமாக அள்ளிப் போடுகிறார்கள். ஒன்றுக்குக் கட்டினால் வேறு பெயரில் இன்னொரு சைட்டில் வந்து நிற்கும், பணம் கொடுக்கிற ஆள் என்று தெரிந்தால் சும்மா விடமாட்டார்கள். 2018-இல் மக்‌ஷாட்ஸ் டாட் காம் என்ற இதே மாதிரி சைட்டை நடத்தியதாக நான்கு பேர் மீது கலிஃபோர்னியா அரசு மிரட்டிப் பணம் பறித்ததாகவே கிரிமினல் வழக்குப் போட்டது. மூன்று வருடத்தில் ஆயிரக்கணக்கானவர்களிடம் 20 லட்சம் டாலருக்கு மேல் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. வெட்கப்படுகிறவர்களின் பணத்தில்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. நீங்கள் வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. கைது வேறு, தண்டனை வேறு. ஆள் குற்றவாளியா இல்லையா என்று யாரும் விசாரிப்பதற்கு முன்பே எடுக்கிற போட்டோ அது.

சரி, எங்கே ஆரம்பிப்பது? எல்லாரும் கூகுளில் ஆரம்பிக்கிறார்கள். கோர்ட்டில் ஆரம்பியுங்கள். அங்கே பதிவு உயிரோடு இருக்கும்வரை வெளியில் எத்தனை இடத்தில் அழித்தாலும் திரும்பி வரும்.

ஃபிரிஸ்கோ ஊர் காலின், டென்டன் என்று இரண்டு கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், விழுகிறது, அதனால் கடை எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். காலின் என்றால் கோர்ட்டும் ஜெயிலும் மெக்கின்னியில். 100 முதல் 750 டாலர் வரையிலான திருட்டுக் குற்றச்சாட்டு டெக்சாஸில் கிளாஸ் பி மிஸ்டிமீனர் என்கிற சிறு குற்ற வகை, அந்த ஃபைல் கோர்ட் பதிவுகளை வைத்திருக்கிற கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும். பெயரைப் போட்டு ஆன்லைனிலேயே கேஸைத் தேடலாம். இங்கே நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அப்பா பெயரோ கணவர் பெயரோ கடைசிப் பெயராகப் பாஸ்போர்ட்டில் இருக்கும், லைசென்ஸில் வேறு மாதிரி இருக்கும், ஜெயிலில் டைப் அடித்தவர் மூன்றாவதாக ஒன்றை அடித்திருப்பார். பெயரை முன்னும் பின்னுமாக மாற்றி, எழுத்துகளையும் மாற்றிப் போட்டுத் தேடுங்கள். எந்தெந்த எழுத்தில் கிடைக்கிறதோ அத்தனையையும் குறித்து வையுங்கள், பதிவை அழிக்கச் சொல்லிப் பின்னால் போடப்போகிற மனுவில் அவ்வளவும் வர வேண்டும். எஃப்.பி.ஐ.யிடம் உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று தெரியக் கைரேகையோடு 18 டாலர் கட்டி நீங்களே கேட்டு வாங்கலாம். அதையும் செய்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், இதை நிதானமாகப் படியுங்கள். கேஸ் டிஸ்மிஸ் என்று வக்கீல் வாயால் சொன்னது போதாது, எப்படி டிஸ்மிஸ் ஆனது என்று கோர்ட் பேப்பரில் பார்க்க வேண்டும். அரசுத் தரப்பே கேஸைக் கைவிட்டிருக்கலாம். கோர்ஸ், சமூக சேவை ஏதாவது முடிக்கச் சொல்லி, முடித்த பிறகு தள்ளுபடி செய்திருக்கலாம், அதற்கு ப்ரீட்ரயல் டைவர்ஷன் என்று பெயர். இல்லையென்றால் டிஃபர்டு அட்ஜுடிகேஷன். இந்த மூன்றாவதில், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கவில்லை என்று நீதிபதி முன்னால் சொல்லியிருப்பீர்கள், சில மாதம் நன்னடத்தையில் வைத்துவிட்டுக் கடைசியில் தள்ளுபடி செய்திருப்பார்கள். டெக்சாஸ் சட்டத்தின் கண்ணில் அது தண்டனை இல்லை. குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அது தண்டனைதான். அதுவும் திருட்டு என்பதால் அவர்கள் கூடுதலாகக் கவனிக்கிற வகை. டைவர்ஷனிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தாளையும் பார்க்க வேண்டும்.

ஆகவே கிளார்க் அலுவலகத்துக்குப் போய் உங்கள் கேஸ் நம்பரைச் சொல்லி, குற்றச்சாட்டு மனு, கேஸ் முடிந்த உத்தரவு இரண்டுக்கும் முத்திரை போட்ட சர்ட்டிஃபைடு நகல் வாங்குங்கள். ஒன்று இல்லை, நாலைந்து செட். பதிவை அழிக்க மனுப் போடுவதற்கு முன்னால் வாங்க வேண்டும், பின்னால் இல்லை. டெக்சாஸில் எக்ஸ்பங்ஷன், அதாவது பதிவை அழிக்கிற உத்தரவு, வந்துவிட்டால் போலீஸ், ஜெயில், கோர்ட் எல்லாரும் அந்தக் காகிதங்களை அழித்துவிடவோ திருப்பிக் கொடுத்துவிடவோ வேண்டும். அப்புறம் ஒரு நாள் கிரீன் கார்டு அதிகாரி அந்த உத்தரவின் நகலைக் கேட்டால் எங்கே போய் நிற்பீர்கள்?

கேட்பார்கள். கிரீன் கார்டுக்கு நிரப்பும் ஐ-485 பாரத்தில் எப்போதாவது கைது ஆனதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. பதிவு மூடப்பட்டிருந்தாலும் அழிக்கப்பட்டிருந்தாலும் ஆம் என்றுதான் எழுத வேண்டும். விசா ஸ்டாம்பிங்குக்கு நிரப்பும் டிஎஸ்-160-இலும் கைது பற்றிக் கேட்கிறார்கள். ஜெயிலில் எடுத்த கைரேகை அப்போதே மத்திய அரசின் கணினிக்குப் போயிருக்கும், மாநில கோர்ட் அதை எட்டிப் பிடித்து அழிக்க முடியாது. டிஸ்மிஸ் ஆன ஒரு கைதைச் சொன்னால் பெரும்பாலும் அது ஒரு கூடுதல் காகிதத்தோடு முடியும். மறைத்து மாட்டினால் அந்தப் பொய்யே தனிக் குற்றமாகி, கிரீன் கார்டையே அடித்துவிடும். இந்த நகல்களை முதலில் ஒரு குடியேற்ற வக்கீலிடம் காட்டுங்கள். கேஸை நடத்திய வக்கீல் நல்லவராகவே இருக்கட்டும், இது அவர் துறை இல்லை.

அதன் பிறகு எக்ஸ்பங்ஷன் மனு. முதல் இரண்டு வழியில் முடிந்திருந்தால் பொதுவாக உங்களுக்கு அந்தத் தகுதி உண்டு. சில தள்ளுபடிகளுக்கு வழக்குத் தொடரும் காலக்கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டும், மிஸ்டிமீனருக்கு அது 2 வருடம், உங்களுக்கு அதுவும் தாண்டிவிட்டது. டிஃபர்டு என்றால் கிளாஸ் பி-யில் எக்ஸ்பங்ஷன் கிடைக்காது, நான்டிஸ்க்ளோஷர் என்று பொதுமக்கள் கண்ணுக்குப் படாமல் மறைக்கிற உத்தரவு மட்டும் கேட்கலாம். மனுவை டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் போட வேண்டும், விசாரணை குறைந்தது 30 நாள் கழித்துத்தான் வரும். டெக்சாஸ்லாஹெல்ப் தளத்தில் பாரங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, வக்கீல் இல்லாமலே செய்தவர்கள் உண்டு. ஆனால் பதிவு வைத்திருக்கிற ஒவ்வொரு அலுவலகத்தின் பெயரும் மனுவில் இருக்க வேண்டும். ஊர் போலீஸ், ஷெரிஃப், கவுண்டி கிளார்க், அரசு வக்கீல் அலுவலகம், மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையான டி.பி.எஸ். என்று எழுதிக்கொண்டே போங்கள். விட்டுப்போன இடத்தில் பதிவு அப்படியே இருக்கும்.

உத்தரவு கைக்கு வந்ததும் அந்த சைட்காரர்களைக் கவனிக்கலாம். 2013-இலேயே டெக்சாஸ் இதற்கென்று ஒரு சட்டம் போட்டிருக்கிறது. உத்தரவைப் பற்றித் தெரிவித்த பிறகும் எடுக்காமல் வைத்திருந்தால் நாளொன்றுக்கு 500 டாலர் வரை அவர்கள் பொறுப்பு. நகலோடு சர்ட்டிஃபைடு மெயிலில் கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கெஞ்சி எழுத வேண்டாம், சட்டத்தைச் சொல்லி நாலு வரி போதும்.

கூகுளுக்கு மட்டும் உத்தரவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நீக்குவதற்குக் காசு கேட்கிற சைட்கள் என்றே கூகுளில் ஒரு தனிக் கோரிக்கைப் பாரம் இருக்கிறது, காசு கேட்ட பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்றைக்கே அனுப்புங்கள். தேடலில் இருந்து போனாலும் சைட்டில் போட்டோ இருக்கும், ஆனால் உங்கள் பெயரைத் தட்டுகிற அக்கம்பக்கத்தார் பார்ப்பது கூகுளைத்தானே. சைட்டே எடுத்த பிறகும் பழைய படம் தேடலில் தெரிந்தால், பழையதைப் புதுப்பிக்கச் சொல்ல அங்கேயே இன்னொரு வசதி உண்டு.

கடைசியாகப் பள்ளிப் பாரம். கேள்வியை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். தண்டனை பெற்றதுண்டா என்று மட்டும் கேட்டிருந்து, உங்கள் பேப்பரும் முதல் இரண்டு வகை என்றால், இல்லை என்பதே உண்மையான பதில். டிஃபர்டு பற்றியும் சேர்த்துக் கேட்கிற பாரங்கள் உண்டு, அதனால் பேப்பரைப் பார்க்காமல் டிக் அடிக்காதீர்கள். கைது பற்றியே கேட்டால் இப்போதைக்கு ஆம் என்று எழுதி, கேஸ் முடிந்த உத்தரவின் நகலை இணைத்துக் கொடுங்கள். எக்ஸ்பங்ஷன் வந்துவிட்டால் பள்ளியிடமும் வேலை கொடுப்பவரிடமும் கைதே ஆகவில்லை என்று சொல்ல டெக்சாஸ் சட்டமே உங்களுக்கு உரிமை தருகிறது. குடியேற்றப் பாரங்களில் மட்டும் அந்த உரிமை செல்லாது.