நான்காம் இயலை என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

முனைவர் பட்ட ஆய்வில் எனக்கு இது நான்காம் ஆண்டு. பாடத்தை வாய்விட்டுப் படிப்பதற்கும் மனதுக்குள் படிப்பதற்கும் நினைவில் நிற்பதில் என்ன வேறுபாடு என்பதுதான் தலைப்பு. வாய்விட்டுப் படித்தால் அதிகம் நிற்கிறது என்று என் நெறியாளர் பல ஆண்டுகளுக்கு முன் கட்டுரை எழுதியிருக்கிறார். அதை வைத்துத்தான் எனக்குத் தலைப்பே தந்தார். மாணவர்கள் படித்து முடித்த அன்றே அவர் தேர்வு வைத்தார், நான் ஒரு வாரம் கழித்து வைத்தேன். என் தரவில் இரண்டு குழுக்களுக்கும் வேறுபாடே இல்லை. மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இது நான்காம் இயலில் வர வேண்டும். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எட்டு மாதமாக முன்னாய்வுகள் இயலையே திருத்திக்கொண்டிருக்கிறேன். துறைக்குப் போனால் நெறியாளர் அறையைத் தாண்டாமல் பின்படிக்கட்டில் ஏறிப் போகிறேன். உடன் சேர்ந்தவர்கள் எல்லாரும் சமர்ப்பித்துவிட்டார்கள். அந்தச் சோதனையை விட்டுவிட்டு மற்றவற்றை வைத்து முடித்துவிடு என்கிறாள் அறைத்தோழி. அப்படிச் செய்யலாமா?

க.

அன்புள்ள க.,

செய்யாதீர்கள். தரவைத் திருத்துவது மட்டும்தான் தவறு என்று நினைக்கிறோம். செய்த சோதனையை, முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக மறைப்பதும் அதே தவறுதான். உங்களுக்குப் பின்னால் இதே தலைப்பை எடுக்கும் ஒரு மாணவி இதே சோதனையைச் செய்து, இதே இடத்தில் நின்று, தன் கணக்குதான் தப்பு என்று அழுவாள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. அவர் அன்றே தேர்வு வைத்தார், நான் ஒரு வாரம் கழித்து வைத்தேன் என்கிறீர்கள். போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். உங்கள் முடிவு நெறியாளரை மறுக்கிறது என்று யார் சொன்னது? அன்றைக்கு இருந்த வேறுபாடு ஒரு வாரத்தில் கரைந்துபோகிறது என்றுகூட இருக்கலாமே. அப்படியானால் இரண்டும் உண்மை. உங்கள் மாணவர்களுக்கு அன்றே ஒரு தேர்வு வைத்திருந்தால் இதை உறுதியாகச் சொல்லியிருக்கலாம். வைக்கவில்லை என்றால், வைக்கவில்லை என்றே எழுதுங்கள். இனிமேல் ஒரு சிறு குழுவை வைத்துச் செய்ய முடியுமா என்றும் யோசியுங்கள். ஒன்று மட்டும் கவனம்: வேறுபாடு தெரியவில்லை என்பது வேறு, வேறுபாடே இல்லை என்பது வேறு. எத்தனை பேரிடம் சோதித்தீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் வாக்கியம் அமைய வேண்டும்.

செசிலியா பெய்ன் என்ற வானியலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1925இல், இருபத்தைந்து வயதில், ஹார்வர்டு வான்காணகத்தில் செய்த ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றார். பெண் என்பதால் பட்டம் ராட்கிளிஃப் என்ற மகளிர் கல்லூரியின் பெயரில்தான் வந்தது. நம் நாட்டு இயற்பியலாளர் மேகநாத் சாஹா 1920இல் தந்த அயனியாக்கச் சமன்பாட்டை, அதாவது வெப்பத்தில் எவ்வளவு அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் என்று சொல்லும் கணக்கை, விண்மீன் ஒளியின் நிறமாலைக்குப் பொருத்திப் பார்த்தார் பெய்ன். பூமியில் என்னென்ன தனிமங்கள் எந்த அளவில் உள்ளனவோ ஏறக்குறைய அதே அளவில்தான் சூரியனிலும் இருக்கும் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. பெய்னுக்குக் கிடைத்த விடையோ, உலோகங்களைவிட ஹைட்ரஜன் பத்து லட்சம் மடங்கு அதிகம் என்றது.

ஆய்வேட்டின் வரைவு, அந்தத் துறையில் அன்று பெரும் செல்வாக்குடன் இருந்த ஹென்றி நோரிஸ் ரஸ்ஸலிடம் போனது. இது நடக்கவே முடியாது என்று அவர் எழுதிவிட்டார். பெய்ன் பணிந்தார். கிடைத்த அளவு பெரும்பாலும் உண்மையாக இருக்காது என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை ஆய்வேட்டில் சேர்த்தார். 1929இல் ரஸ்ஸல் வேறு வழியில் போய் அதே முடிவுக்கு வந்தார். பெய்ன் கண்டதையும் தம் கட்டுரையில் குறிப்பிட்டார்.

அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. ஆனாலும் பாருங்கள், எண்களை அவர் எடுக்கவில்லை. ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் கிடைத்த அளவுகள் அட்டவணையில் அப்படியே இருந்தன. வாக்கியத்தில் விட்டுக்கொடுத்தார், அட்டவணையில் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அவர் என்ன கண்டார் என்று பார்க்க முடிந்தது அதனால்தான்.

எழுத வராததைப் பற்றி. நானும் என் ஆய்வேட்டின் முன்னாய்வுகள் இயலில் மாதக்கணக்கில் ஒளிந்துகொண்டிருந்தவன்தான். அங்கே நம் சொந்த வாக்கியம் ஒன்றுகூடத் தேவையில்லை. இன்னார் இப்படிச் சொல்கிறார், அன்னார் அப்படிச் சொல்கிறார் என்று எத்தனை பக்கம் வேண்டுமானாலும் போகலாம். கடைசியில் நெறியாளரிடம் கொடுத்தபோது எழுத்துப்பிழைகளைக்கூட அவர் தொடவில்லை. ஓரத்தில், பென்சிலால், மூன்று இடங்களில் ஒரே கேள்வி: “நீ என்ன சொல்கிறாய்?” மூன்றாவது இடத்தில் பென்சில் முனை அழுந்தித் தாளின் பின்பக்கம் புடைத்திருந்தது. அந்தப் பக்கத்தை இப்போதும் வைத்திருக்கிறேன்.

ஆகவே முன்னாய்வுகளை மூடி வையுங்கள். நான்காம் இயலை முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டாம். அட்டவணையை முதலில் போடுங்கள். அதற்குக் கீழே, அதில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நான்கு வரியில் எழுதுங்கள். ஏன் இப்படி வந்தது என்பதெல்லாம் பிறகு. எப்படிச் சோதித்தீர்கள் என்ற பகுதி உங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும், அது ஒரே நாளில் வந்துவிடும்.

பிறகு அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் போங்கள். முழு இயலும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவர் வருந்தலாம், கோபப்படவும் செய்யலாம். அது எப்படிப் போகும் என்று இங்கிருந்து நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்டு அவருக்கு இது தெரியவருவதைவிட, உங்கள் வாயால் முதலில் தெரிவது அவருக்கும் மரியாதை. “உங்கள் முடிவு தப்பு” என்று தொடங்காதீர்கள். “நீங்கள் அன்றே பார்த்தீர்கள், நான் ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன், இப்படி வந்திருக்கிறது, எங்கே தவறியிருப்பேன் என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று தாளை முன்னால் வையுங்கள். உண்மையிலேயே எங்காவது தவறியிருக்கலாம், அதைக் கண்டுபிடிக்க அவரைவிடத் தகுந்தவர் உங்களுக்கு யார்?

முன்படிக்கட்டு வழியாகப் போங்கள். போய்வந்து எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்.