சாமுராய் வில்லாளி பொம்மைகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 28 மி.மீ. பிளாஸ்டிக் சாமுராய் வில்லாளிப் பெட்டி வாங்கினேன். வில்லின் பிடி நடுவில் இல்லாமல் கீழே இறங்கியிருக்கிறது. அச்சில் தப்பா?

பதில்: தப்பே இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஜப்பானிய வில்லுக்கு யூமி என்று பெயர். ஆளை விட உயரம், இரண்டு மீட்டரைத் தாண்டும். பிடி கீழிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வரும். நடுவில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்! கையை ஒட்டும்போது இன்னொன்றையும் பாருங்கள். நாணைக் கட்டைவிரலால் இழுப்பதால் அம்பு வில்லுக்கு வலப்பக்கம் அமரும். இடப்பக்கம் ஒட்டிவிட்டால் ஆங்கிலேய வில்லாளி மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: அண்ணா, மேசைமேல் ஆடும் போர் விளையாட்டில் இதே பொம்மைகளை ஜப்பானின் கெம்பெய் போருக்கும் வைத்து ஆடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இந்தப் பெட்டியில் கூம்புத் தொப்பியும் முதுகில் கொடியுமாக நிற்பவர்கள் அஷிகாரு என்னும் காலாட்கள், 16ஆம் நூற்றாண்டுக்காரர்கள். கெம்பெய் போர் 1180 முதல் 1185 வரை நடந்தது. அன்றைய சாமுராய் குதிரைமேல் இருந்து அம்பு எய்தவர். இரண்டு கையும் வில்லுக்கே போய்விடும், கேடயம் பிடிக்க முடியாது. அதனால் தோளில் பலகை போல அகலமான காப்பு தொங்கும். அந்தத் தோள்காப்பு உள்ள குதிரை வில்லாளிகளைத் தேடி வாங்குங்கள்.

கேள்வி: 1543இல் ஜப்பானுக்குத் துப்பாக்கி வந்த பிறகும் வில்லாளிகள் தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. துப்பாக்கியில் மருந்து கிட்டித்து முடிக்கும்வரை எதிரியைத் தடுத்து நிறுத்தியது அம்புதான். துப்பாக்கிக்காரர்களுக்கு நடுவே நாலைந்து வில்லாளிகளைக் கலந்து நிறுத்துங்கள்.

கேள்வி: பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டமான பிரேமிலிருந்து எடுக்கும்போதே வில் ஒடிந்துவிடுகிறதே?

பதில்: திருகி எடுக்காதீர்கள். முதலில் வில்லைச் சுற்றியுள்ள பிரேமைத் துண்டு துண்டாக வெட்டி விலக்குங்கள். வில்லில் ஒட்டியிருக்கும் சின்ன முளையைக் கடைசியாகக் கத்தியால் சீவுங்கள். பிளாஸ்டிக் பசை ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். அது பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது, அதிகமானால் மெல்லிய வில் வளைந்துபோகும். 1/72 அளவு (ஆளின் உயரத்தில் 72இல் ஒரு பங்கு) மென்பிளாஸ்டிக் பொம்மைக்கு அந்தப் பசை பிடிக்காது, சூப்பர் க்ளூதான். அந்தப் பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகே பெயின்ட்.

கேள்வி: வில்லுக்கு என்ன நிறம்?

பதில்: முழுக்கக் கறுப்பு அடித்துவிடுங்கள், அரக்குப் பூச்சு அது. காய்ந்ததும் மெல்லிய தூரிகை நுனியால் வைக்கோல் நிறத்தில் குறுக்குக் கோடுகள் போடுங்கள். அவை பிரம்புக் கட்டுகள். அப்புறம் பிடிக்கு மட்டும் தோல் பழுப்பு.