சமூக மன்றம் நடுவில் வேண்டுமா, போகிற வழியில் வேண்டுமா?

வாசகி கேட்கிறார்: "சிங்கப்பூரின் வடக்கே புதிதாக எழும்பிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புப் பேட்டை எங்களுடையது. பதின்மூன்று புளோக்குகள், அதாவது அடுக்குமாடிக் கட்டடங்கள். இங்கே ஒரு சமூக மன்றம் கட்டுவது பற்றி எங்கள் வசிப்போர் குழுவிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். மூன்று இடங்கள் பேச்சில் இருக்கின்றன. ஒன்று வடக்கு முனையில், எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டி; ஆனால் எங்களுக்கும் அதற்கும் நடுவே ஆறு தடச் சாலை. இரண்டாவது, ஈரச்சந்தை, உணவங்காடி நிலையம் பக்கத்தில் ஒரு சிறிய மனை. மூன்றாவது, பேட்டைக்குச் சரிநடுவே, கால்வாய் ஓரம் பெரிய காலி நிலம். குழுவில் பலர் மூன்றாவதைத்தான் விரும்புகிறார்கள். தெற்குக் கோடிப் புளோக்கில் பெரும்பாலும் முதியவர்கள், ஈரறை வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் நடுவில் கட்டுவதே நியாயம் என்று எனக்கும் தோன்றுகிறது. சரிதானா?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முடிவு உங்கள் குழுவின் கையில் இல்லை. 1960இலிருந்து சமூக மன்றங்களை நடத்திவருவது மக்கள் கழகம் என்ற அரசு அமைப்பு. எந்த நிலம் எதற்கு என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் வகுக்கிறது. அந்த வரைபடத்தை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மூன்று மனைகளும் அதில் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். வீடுகளுக்கோ பூங்காவுக்கோ ஒதுக்கிய நிலத்தைப் பற்றி மாதக்கணக்கில் விவாதித்த குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். முடிவு உங்களுடையது இல்லை என்பதால் உங்கள் சொல்லுக்கு மதிப்பில்லை என்று நினைக்க வேண்டாம். எந்தப் பாதையில், எந்த நேரத்தில், யார் நடக்கிறார்கள் என்பது அதிகாரிகளைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போது அந்த 'நடு'. ஒரே சாலையில் ஐந்து புளோக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் புளோக்கிலிருந்து அளந்தால் அவை 0, 100, 200, 300, 1,000 மீட்டரில் நிற்கின்றன. சாலையின் சரிநடு 500 மீட்டர். மன்றத்தை அங்கே கட்டினால், புளோக்குக்கு ஒருவராக ஐந்து பேர் ஒருமுறை போக நடக்கும் தூரம் மொத்தம் 1,900 மீட்டர். அதையே மூன்றாம் புளோக்கின் அருகில் கட்டினால் 1,200 மீட்டர்தான். நடுவில் இருந்த இடத்தில் யாருமே வசிக்கவில்லை; அதனால் எல்லாரும் நடக்க வேண்டியதாயிற்று. 1964இல் ஹக்கிமி என்ற ஆய்வாளர் இதைச் சாலை வலைப்பின்னலுக்கே பொதுவாக நிறுவினார். மொத்த நடை மிகக் குறையும் இடத்தை மக்கள் வசிக்கும் புள்ளிகளிலோ சாலைச் சந்திப்புகளிலோ தேடினாலே போதும், வெட்டவெளியில் தேட வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

ஆனால் இந்தக் கணக்குக்கு இன்னொரு முகம் உண்டு. உங்கள் கேள்வியின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் புளோக்கில் கட்டினால் கடைசிப் புளோக்குக்காரர் 500 மீட்டருக்குப் பதில் 800 மீட்டர் நடக்க வேண்டும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஒரு பாட்டிக்கு அது கிட்டத்தட்ட பதினேழு நிமிடம், போக மட்டும். மொத்தத்தைக் குறைப்பதா, கடைசி ஆளின் நடையைக் குறைப்பதா? இரண்டும் நியாயமே. எதைத் தேர்ந்தீர்கள் என்று குழு வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும். 'நடு' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டு மூடிவிடக் கூடாது.

என் முடிவு, சந்தையை ஒட்டிய சிறு மனை. காரணம் தூரம் மட்டுமில்லை. மன்றத்துக்கென்றே வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் எந்தப் பேட்டையிலும் கொஞ்சம் பேர்தான். மீன் வாங்க வந்தவர், பிள்ளைக்கு இரவுச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறவர், காலையில் கோப்பி குடிக்க வரும் தாத்தா, இவர்கள் கண்ணில் மன்றத்தின் வாசல் தினமும் பட வேண்டும். ஒருநாள் அறிவிப்புப் பலகையில் யோகா வகுப்பைப் பார்ப்பார்கள், இன்னொரு நாள் உள்ளே வருவார்கள். 1963 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியபோது வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள் குறைவு. அன்றைய சமூக மன்றமான சமூக நிலையத்துப் பெட்டியின் முன் கூட்டம் கூடியது. அன்று ஆட்களை இழுக்க அந்தப் பெட்டி இருந்தது. இன்று அது எல்லார் பையிலும் இருக்கிறது. இழுக்கும் வேலையை இப்போது இடம்தான் செய்ய வேண்டும்.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை. கூரையிட்ட நடைபாதை இல்லாத 200 மீட்டர், கூரையுள்ள 400 மீட்டரைவிடத் தூரம். எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை கூரை போடும் திட்டத்தை நிலப் போக்குவரத்து ஆணையம் 2013இல் தொடங்கியது அதனால்தான். அந்த வகையில் முதல் இடத்துக்கு வலு உண்டு. வேலை முடிந்து வருகிறவர்களும் அங்கே இறங்குவார்கள். ஆனால் ஆறு தடச் சாலை அதைக் கெடுத்துவிடுகிறது. முதியவர் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு சில விநாடி நீளும், உண்மைதான். இரவு ஒன்பதரைக்கு வகுப்பு முடிந்து பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அதைக் கடக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கால்வாய் ஓர நிலத்தைப் பற்றி இன்னும் ஒன்று. கால்வாயை ஒட்டிய மனை தாழ்வானதாக இருந்தால், வெள்ளத் தடுப்புக்காகக் கட்டடத்தின் தரைமட்டத்தை உயர்த்தச் சொல்வார்கள். உயர்த்தினால் படியும் சாய்தளமும் வரும். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தில் ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம் வேண்டும், நடுவே இளைப்பாறும் தளம் தனி. முதியோருக்காகவே தேர்ந்த இடத்தில் முதியோருக்கே ஏற்றம் வைத்தது போலாகிவிடும். இரவில் அந்தக் கால்வாய்ப் பாதையில் ஆள் நடமாட்டம் எப்படி என்றும் பாருங்கள். முன்பு நான் வேலை செய்த ஒரு திட்டத்தில் (இடத்தைச் சொல்ல வேண்டாம்) இதே போல அமைதியான, அழகான, வரைபடத்தில் கச்சிதமான மனையைத் தேர்ந்தோம். பகலில் போய்ப் பார்த்தோம், திருப்தியாக இருந்தது. இரவில் யாரும் போய்ப் பார்க்கவில்லை. திறந்த பிறகு மாலை வகுப்புகளுக்குப் பெண்கள் வரவே இல்லை. அந்த வெறும் நாற்காலிகள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன.

மனை சிறியது என்று குழுவில் சொல்வார்கள். பல வசதிகளை ஒரே கட்டடத்தில் அடுக்கியிருக்கும் கம்போங் அட்மிரல்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். 0.9 ஹெக்டர் நிலம்தான். கீழே திறந்த திடல், அதன் மேல் உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், பாலர் பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு, கூடவே முதியோருக்கான 104 வீடுகள், எல்லாம் 11 மாடிக்குள். 2018இல் உலகின் சிறந்த கட்டடம் என்ற விருதையும் பெற்றது. அடுக்கினால் இடம் வரும். ஆனால் எதை எந்த மாடியில் வைப்பது என்பதில் கறாராக இருங்கள். முதியோர் அறையும் சும்மா உட்கார்ந்து பேசும் இடமும் தரையிலேயே இருக்கட்டும். பூப்பந்துத் திடல் மாடிக்குப் போகட்டும், ஆடுகிறவர்கள் ஏறிக்கொள்வார்கள். தவில், மிருதங்கம், சிங்க நடனப் பயிற்சி நடக்கும் அறைகள் வீடுகளுக்கு எதிர்ப்புறம், சந்தையைப் பார்த்து இருக்க வேண்டும். எதிர்ப் புளோக்கில் இரவு வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குகிறவர்களும் இருப்பார்கள், அவர்களிடமும் முன்பே பேசிவிடுங்கள்.

இனி தெற்குக் கோடிப் புளோக். அவர்களை மன்றத்துக்கு வரவைப்பதோடு நிற்காமல், மன்றத்தின் ஒரு பகுதி அவர்களிடம் போக வேண்டும். அந்தப் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஓர் அறையைக் கேளுங்கள். வாரத்தில் சில நாள் காலை உடற்பயிற்சியும் இரத்த அழுத்தச் சோதனையும் அங்கேயே நடக்கட்டும். மின்தூக்கியைவிட்டு வெளியே வந்தாலே கண்ணில் படும் இடம் அது. அங்கிருந்து சந்தை வரை தொடர்ச்சியான கூரையும், நூறு மீட்டருக்கு ஒரு பெஞ்சும் கேளுங்கள். இந்த மூன்று கோரிக்கைகளும் இல்லாமல் 'சந்தை மனை' என்று மட்டும் எழுதி அனுப்பினால், அந்த முதியவர்களுக்கு நீங்கள் அநியாயம் செய்ததாகிவிடும்.

கருத்துக் கேட்கும் விதத்தையும் மாற்றுங்கள். 'எந்த இடம் வேண்டும்?' என்று கேட்டால் கூட்டத்துக்கு வந்தவர்கள் தங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் என்பார்கள். 'போன வாரம் மாலையில் எங்கெல்லாம் போனீர்கள், எந்த வழியாக?' என்று கேளுங்கள். கூட்டத்துக்கு வராதவர்களை மின்தூக்கி வாசலில் நின்று கேளுங்கள். தெம்பனிஸ் வட்டாரத்தில் இருக்கும் 'நமது தெம்பனிஸ் நடுவம்' என்ற பெரிய சமூக வளாகத்தைத் திட்டமிட்டபோது 15,000க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டார்கள். உங்களுக்கு இருநூறு பேர் போதும், பதின்மூன்று புளோக்கிலிருந்தும் வந்தால்.

கடிதம் எழுதும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். மழை பெய்யும் வார நாள், இரவு ஏழரை மணி. தெற்குப் புளோக்கிலிருந்து ஒரு பாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டு, சம்மதித்தால் சக்கர நாற்காலியில் வரும் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, மூன்று இடங்களுக்கும் நடந்துபாருங்கள். எங்கே நனைந்தார்கள், எங்கே நின்றார்கள், எங்கே பயந்தார்கள், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துவையுங்கள். அந்தத் தாளைக் கடிதத்தின் முதல் பக்கமாக இணையுங்கள்.