நாவலுக்கு மார்க்ஸ் போடுற தம்பிக்கு

கேள்வி: கம்பஸ் முடிச்சு வேலையில்லாமல் இருந்த ரெண்டு மாசத்தில நாலு நாவல் வாசிச்சன். பத்துக்குப் போட்டா பொன்னியின் செல்வன் 9, வாடைக்காற்று 7, பஞ்சமர் 4 (கதாநாயகன் ஆரெண்டே விளங்கேல்லை), கொரில்லா 3, நம்பர் போட்டுப் போட்டு எழுதிக்கிடக்கு, நாவல் மாதிரியே இல்லை. எங்கட ஆக்களுக்கு ஏன் விறுவிறுப்பா எழுதத் தெரியாது?
– வாசகர் ஒருவர், கொடிகாமம்

பதில்: நாலையும் வாசிச்சதுக்கு முதல்ல ஒரு சபாஷ் தம்பி, ஆனா மீன் போட்டு உறைப்பாக் காய்ச்சின ஒடியல் கூழ் இனிக்கேல்லை எண்டு மார்க்ஸ் வெட்டினமாதிரிக் கிடக்கு உங்கட கணக்கு. கல்கி 1950இல இருந்து 54 மட்டும் கிழமைக்குக் கிழமை எழுதினவர், அடுத்த இதழையும் சனம் காசு குடுத்து வாங்கோணுமெண்டா வந்தியத்தேவன் எதிலயாவது மாட்டித்தானே ஆகோணும். செங்கை ஆழியானுக்கு 7 சரி, நெடுந்தீவுக் காத்து ஆருக்குத்தான் பிடிக்காது.

பஞ்சமர் வேற கதை. தாழ்த்தப்பட்ட சாதிச் சனத்தைத் தேத்தண்ணிக்கடைக்குள்ளயும் கோயிலுக்குள்ளயும் விடமாட்டம் எண்டு நிண்ட ஊரைத்தான் டானியல் எழுதினவர். 1966இல அதை எதிர்த்துச் சுன்னாகத்தில இருந்து ஊர்வலம் வெளிக்கிட்டதும் 68இல மாவிட்டபுரம் கோயில் வாசலில சனத்தை மறிச்சதும் தனி ஒரு ஆளின்ர சாகசமே, ஹீரோ தேடுறதுக்கு?

கொரில்லாவுக்குப் போட்ட அந்த 3 மார்க்ஸ்தான் எனக்குச் சுட்டது. நம்பர் போட்டுக் கிடக்கிறது அகதி விண்ணப்பம் தம்பி, கேஸ்! எங்கட ஊரில கேஸ் எழுதின ஒரு ஆளாவது இல்லாத குடும்பம் எத்தினை? தொண்ணூறுகளில என்ர மச்சான் ஜேர்மனியில இருந்து தன்ர கேஸின்ர போட்டோக்கொப்பி அனுப்பினவர், ஆரும் கேட்டா இதைத்தான் சொல்லோணும் எண்டு. மாமி குசினி வாசலில இருந்து எழுத்துக்கூட்டி வாசிச்சவ, ஏழாம் நம்பரில நிண்டுபோட்டு "இது எப்ப நடந்தது, இவன் எனக்குச் சொல்லவேயில்லையே" எண்டவ. நடந்ததோ கேஸுக்காகச் சேத்ததோ, இண்டைக்கும் எங்களுக்குத் தெரியாது, மச்சானும் வாய் திறக்கிறேல்லை. ஷோபாசக்தி 2001இல அப்பிடியான ஒரு விண்ணப்பத்தைத்தான் தூக்கி கொரில்லா நாவலின்ர வாசலில வைச்சவர்.

உந்த நம்பர்ப் பக்கங்களோடயே புத்தகத்தை மூடிப்போட்டியளோ எண்டும் எனக்கொரு ஐமிச்சம், ஏனெண்டா அதுக்கங்கால கதை சொல்ற விதமே மாறிப்போகுது, அதைப்பற்றி உங்கட கடிதத்தில ஒரு வரியும் இல்லை. கொரில்லா எண்டது முதல்ல ஆருக்கு வைச்ச பட்டம் எண்டு அடுத்த கடிதத்தில எழுதுங்கோ, பேந்து மார்க்ஸைப் பாப்பம்.